விளக்கைத் தொட்டு மறைத்த ஊசி

எனக்கு அந்த ஊசி நல்லதுதான் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படிக்கிறவர்கள் ஊசியைத்தான் திட்டுவார்கள். திட்ட வேண்டியது ஊசியை இல்லை.

இரண்டாவது பிள்ளை பிறந்து ஆறு மாதம் இருக்கும். அரசு ஆசுபத்திரியில் சொன்னார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டால் போதும், கரு தங்காது என்று. மாத்திரை என்றால் தினமும் ஞாபகம் வைக்க வேண்டும், எனக்கு அது முடியாது. காப்பர் டி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊசி என்றால் கையில் ஒரு குத்து, கூடவே ஒரு அட்டை, அட்டையில் அடுத்த தேதி. அவ்வளவுதான். முதல் ஊசிக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதுக்குப் பிறகு தீட்டு இரண்டே நாள் வந்து போனது. மூன்றாவதுக்குப் பிறகு வரவே இல்லை.

எங்கள் வீட்டில் அது சின்னக் காரியமில்லை. இந்த மலையாள ஊரில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறார். தேங்காய், சூடம், அருகம்புல் மாலை. மாலை கட்டுவது நான். வீடு கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு அறை, ஒரு அடுக்களை. கொல்லையில் தகரம் போட்ட ஒரு இடம் உண்டு, தேங்காய்ச் சாக்கு அடுக்கி வைக்கிற இடம். சாக்கு அறை என்போம். தூரமான நாட்களில் எனக்கு இருப்பு அங்கேதான். புல்லைத் தொடக்கூடாது, அடுக்களைப் படி ஏறக்கூடாது, தட்டும் தம்ளரும் தனி. நான் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நான் பிறந்த நாகர்கோவில் வீட்டிலும் அப்படித்தான். சாமிக்குப் போகிற புல் அல்லவா.

தீட்டு நின்றபின் மாதம் முப்பது நாளும் நானே விளக்கேற்றினேன். முப்பது நாளும் மாலை கட்டினேன். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, நான் ஏதோ நேர்ச்சை வைத்து வேண்டிக்கொண்டதற்குப் பிள்ளையார் கொடுத்த பலன் என்று நினைத்துக்கொண்டார்கள். சந்தில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார்கள். "எம் மருமவளுக்குச் சாமியே பாத்து நிப்பாட்டிக் குடுத்துட்டாரு" என்று. நான் திருத்தவில்லை. ஊசி போட்டுக்கொள்வது வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் அதையெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. எனக்கும் கொஞ்சநாளில் அது பிள்ளை வேண்டாம் என்று போடுகிற ஊசி என்பதே மறந்துபோய், தீட்டு நிற்கிற ஊசி என்றே மனதில் பதிந்துவிட்டது.

என் கொழுந்தனுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. அவர் கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள் சாப்பிடுகிற ஒரு ஓட்டலில் சமையல். பெண் திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பத்தாம் வகுப்பும் தையலும் படித்தவள், மெலிந்த உடம்பு, வேகமான பேச்சு. மலையாளம் ஒரு சொல் தெரியாது. வந்த வாரமே தனியாகக் கடைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறினாள். திரும்பி வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"கண்டக்டரு 'எவிடேக்கா'ன்னாருக்கா. எங்க போவணும்னு கேட்டுருக்காரு. நான் எந்த ஊருன்னு கேக்காராக்கும்னு எங்க ஊருப் பேரச் சொல்லிட்டேன். 'அத்தற தூரம் இந்த வண்டி போவில்லா கொச்சே'ன்னுட்டாரு. பஸ்ஸே சிரிச்சுது."

"போட்டும், அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ. இல்லன்னா உன்னை மூட்டையில கட்டி ஊருக்கே அனுப்பிருவான்" என்றேன்.

அன்றிலிருந்து அவளுக்கு இந்த ஊரில் நான்தான் காது, நான்தான் வாய். ரேஷன் கடை, பால் பூத்து, அக்கம்பக்கம் எல்லாவற்றுக்கும், அவர்கள் சொல்வதை நான் கேட்டு அவளுக்குச் சொல்வேன், அவள் சொல்வதை நான் அவர்களுக்குச் சொல்வேன். முழுவதையும் சொல்வதில்லை. வேண்டியதை மட்டும் சொல்வேன். எது வேண்டியது என்பதை நானே வைத்துக்கொள்வேன். யாரும் என்னைக் கேட்டதில்லை.

அந்த வருஷம் கார்த்திகைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் மாலை போடுவதாக முடிவானது. நாற்பத்தொரு நாள் விரதம். மாலை போட்ட வீட்டில் தூரமான பெண்ணின் நிழல்கூடப் படக்கூடாது. முந்தின வருஷங்களில் எனக்கு அந்தக் கவலை இல்லை. இப்போது அவள் இருக்கிறாள். மாமியார் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்கள்.

"நாப்பத்தொரு நாளுக்குள்ள இவளுக்கு ரெண்டு மட்டம் வருமே ஏட்டி. பக்கத்துல தாய் வீடுன்னாலும் அனுப்பலாம். என்னத்தச் செய்ய?"

மறுநாள் அவளும் நானும் கொல்லையில் புல் ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள்தான் பேச்சைத் தொடங்கினாள். கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு அறை வாடகைக்குப் பார்க்கிறார்களாம். அதுவரை பிள்ளை வேண்டாம் என்று அவளுக்கு இருக்கிறதாம். அவரிடம் சொல்ல வெட்கம்.

"ஒரு வருசம் போட்டும்க்கா. இந்த ஒரு அறைக்குள்ள பிள்ளையும் வந்துச்சுன்னா மூச்சு முட்டிப்போவும்."

எனக்கு உடனே ஊசி ஞாபகம் வந்தது. இரண்டு காரியமும் ஒன்றில் முடியுமே என்று தோன்றியது. பிள்ளையும் தள்ளிப்போகும், தீட்டும் நிற்கும். பிள்ளையாரே என் வாயில் வந்து சொல்கிறார் என்று அந்த நிமிஷம் நம்பினேன்.

"எனக்கு நின்னுதே, அது நேர்ச்சை இல்லட்டி, ஊசி" என்றேன். அதை வேறு எந்த மனுஷியிடமும் நான் சொன்னதில்லை.

அவள் கண்ணை விரித்தாள். "அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. தலைப்பிள்ளையத் தள்ளிப்போடுததுன்னு தெரிஞ்சா உன்னையும் வைக்க மாட்டாங்க, என்னையும் வைக்க மாட்டாங்க."

அன்று மாலை விளக்கேற்றியதும் அவளை உள்ளே கூப்பிட்டேன். குத்துவிளக்கின் தண்டில் கை வைக்கச் சொன்னேன். இந்த ஊசி விஷயத்தைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அவள் தயங்காமல் கை வைத்தாள். நான் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

புரட்டாசிக் கடைசியில் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் போடுகிற அதே சிஸ்டர். அவளை உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, வேறு நோய் உண்டா என்று கேட்டு, பிறகு நிதானமாக நெடுநேரம் பேசினார். மலையாளத்தில்தான். அவருக்கு வேறு தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்னைப் பார்த்து, "பறஞ்ஞு கொடுக்கணும் கேட்டோ" என்றார், அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று. நான் தலையாட்டினேன்.

சிஸ்டர் சொன்னதில் நான் அவளுக்குச் சொன்னது இரண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது. சொல்லாமல் விட்டதில் பெரியது இரண்டு. முதல் மாதங்களில் சிலருக்குத் தீட்டு நிற்பதற்குப் பதில் நிற்காமல் போகும் என்றது ஒன்று. ஊசியை நிறுத்தினாலும் கரு தங்க மாதக்கணக்காகும் என்றது இன்னொன்று. ஏன் விட்டேன்? எனக்கு அப்படி எதுவும் வரவில்லை, அதனால்தான். என் உடம்புக்கு வராதது இன்னொரு உடம்புக்கும் வராது என்று நினைத்தேன். அவள் பயந்துவிடுவாள் என்றும் நினைத்தேன்.

கடைசியில் சிஸ்டர் அவளையே பார்த்து, "குட்டிக்கு மனசிலாயோ?" என்றார்.

"மனசிலாயி" என்று நான் சொன்னேன்.

"என்னக்கா கேட்டாக?"

"புரிஞ்சுதான்னு கேக்காங்க."

"என்ன புரிஞ்சுதான்னு?"

"ஊசி போடணும்னு. கையக் காட்டு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினாள்.

கார்த்திகை முதல் தேதி இரண்டு பேரும் மாலை போட்டார்கள். வீட்டில் சாமி சரணம்தான், உரத்த பேச்சு இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை. நாலாம் நாள் காலையில் அவள் கொல்லைப் பக்கம் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, வந்துட்டு."

"ரெண்டு நாளுல நின்னுரும்" என்றேன். சாக்கு அறையில் பாய் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் நிற்கவில்லை. பத்து நாளிலும் நிற்கவில்லை. சில நாள் சொட்டுப் பட்டுப் போகும், சரி விட்டது என்று தலைக்கு ஊற்றிவிட்டு அடுக்களைப் படியில் கால் வைக்கும்போது மறுபடியும் வரும். குளித்த ஈரத் தலையோடு திரும்பிச் சாக்கு அறைக்குப் போவாள். மாமியார் தூரத்தில் நின்று கேட்பார்கள்.

"ஏளா, இன்னும் தீரலியா? எந்த ஊருத் தீட்டுளா இது?"

தகரத்துக்குக் கீழே பகலில் வெக்கை. சாக்கில் எலி ஓடும். தையல் மிஷினைத் தொடக்கூடாது என்பதால் சும்மா உட்கார்ந்திருப்பாள். சாமான் சுற்றிவந்த மலையாளப் பேப்பரை நீவி வைத்துக்கொண்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இது 'க'வாக்கா? நம்ம 'க' மாதிரி இல்லையே" என்று கேட்பாள். முதல் வாரம் நான் சாப்பாடு கொண்டு போகும்போது வேடிக்கையாகப் பேசினாள். "நானும் மாலை போட்டுட்டேன்க்கா, எனக்கும் நாப்பத்தொரு நாளு" என்பாள். மூன்றாவது வாரம் அந்தப் பேச்சு நின்றது. உதடு வெளுத்துவிட்டது. எழுந்தால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, கண் இருட்டு விலகியபிறகு நடப்பாள்.

ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, சாமிய ஏமாத்தப் பாத்தோம்லா. அதான் இப்படியா?"

இல்லை, சிஸ்டர் அன்றைக்கே சொன்னார்கள், இப்படி வரும் என்று சொன்னார்கள், ரொம்ப வந்தால் அங்கே வரவும் சொன்னார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதைவிடக் கேவலம், எனக்கும் அவள் சொன்னதே சரி என்று பட்டது. சிஸ்டர் சொன்னது என் காதில் இருந்தது. ஆனால் மனசு முழுக்கச் சாமி குற்றம் என்ற பயம்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் அவளுக்காகப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தேன். கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி, கைபடாமல் அவள் மடியில் போட்டேன். ஆசுபத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

விரதம் முடிந்து, மலைக்குப் போய்வந்து மாலை கழற்றினார்கள். அவள் அப்போதும் சாக்கு அறையில்தான் இருந்தாள். தையில் அடுத்த ஊசித் தேதி வந்தது. அவளுக்கு மனமில்லை.

"வேண்டாம்க்கா. இதுவே தாங்க முடியல."

"ரெண்டாவது போட்டாத்தான் நிக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு."

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தப் போக்கு அதிகமா என்று கேட்டார். நான், "குறச்சு" என்றேன். கொஞ்சம் என்று அர்த்தம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, யோசித்து, இரண்டாவது ஊசியும் போட்டார். நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பியிருப்பார்.

நான் சொன்னபடி நின்றுவிட்டது. மாசி பிறக்கும்போது சுத்தமாக நின்றது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. நான் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்தினேன், என் வாக்குப் பலித்தது என்று.

நாங்கள் யோசிக்காத இடத்தில் அடுத்தது வந்தது. மாமியார் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாசி போய்ப் பங்குனியிலும் அவள் ஒதுங்கவில்லை என்றதும் ஒருநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போய் மாதுளை வாங்கி வந்தார்கள். அவள் கையில் கொடுத்துக் கன்னத்தைத் தடவினார்கள். அத்தனை நாள் அவளைத் தொடாத கை.

"பட்ட பாட்டுக்குச் சாமி கண்ணத் தொறந்துட்டாரு மக்கா. அரிசி மூட்டையத் தூக்காத. கொல்லைப் பக்கம் போவாத."

அவள் மாதுளையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கொழுந்தன் கழக்கூட்டத்திலிருந்து அல்வா வாங்கி வந்தார். சந்தில் எல்லோருக்கும் சேதி போனது. இல்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்? ஏன் இல்லை என்று கேட்டால் ஊசியைச் சொல்ல வேண்டும். விளக்கைத் தொட்டிருக்கிறாள். நான் சொல்லலாம். சத்தியத்துக்கு என் கை விளக்கைத் தொடவில்லை.

சித்திரையில் மூன்றாவது ஊசித் தேதி வந்தபோது அவள் வரவில்லை என்றாள். நானும் கூப்பிடவில்லை. வயிறு தெரியவில்லையே என்று மாமியார் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பேச நான் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கர்ப்பம் இல்லை என்றார். மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எந்தெங்கிலும் மருந்நோ, இஞ்செக்ஷனோ எடுத்திட்டுண்டோ?"

ஏதாவது மருந்தோ ஊசியோ எடுத்தாளா என்று கேட்கிறார். மாமியாருக்கு மலையாளம் பேச வராது, கேட்டால் நன்றாகப் புரியும். அவளுக்குத் தெரியாது, ஆனால் இஞ்செக்ஷன் என்ற சொல் புரிந்துவிட்டது. சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிடப் போகிறேன் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. அவள் சத்தியம் செய்திருந்தாள், நான் செய்யவில்லை, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நாலு சொல்லில் தீர்ந்திருக்கும். என் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளையார் எனக்குக் கொடுத்த பலன் என்று ஊரெல்லாம் சொன்ன முகம்.

"இல்ல டாக்டர். ஒண்ணும் எடுக்கல" என்றேன். அவளைக் கேட்கிற மாதிரிகூட நடிக்கவில்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கோளாறு இல்லை என்றார்கள். தீட்டு வர மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், சரியாக வரவில்லை. வராததுக்குக் காரணம் டாக்டருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததற்கு நானே ஒரு காரணம். வீட்டில் காரணத்தை மாமியாரே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"இருந்த ரத்தமெல்லாம் அந்த மூணு மாசத்துல போயிட்டு. இனி அது காஞ்ச குளம்."

ஆடி வந்தது. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்களில் வழக்கம். ஆவணியில் மாப்பிள்ளை போய்க் கூட்டி வருவார். வழக்கத்தைச் சொல்லி அனுப்பினார்கள், கூட்டி வர யாரும் போகவில்லை. தம்பானூரில் ரயில் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எவிடேக்கான்னு கேட்டா இப்ப எங்க ஊருப் பேரச் சொல்லலாம்லா?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. கொழுந்தன் ஆரம்பத்தில் போனில் பேசினார், பிறகு குறைந்தது. மறுபடியும் கார்த்திகை வந்தது. மாலை போட்டார்கள். சாக்கு அறையில் யாரும் இல்லை. மாலை போட்ட பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, பூசை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மாமியார் சொன்னார்கள், கொழுந்தனுக்கு நாகர்கோவில் பக்கம் வேறு ஒரு இடம் வந்திருக்கிறது என்று. விரதம் முடியட்டும், அவளிடம் விடுதலை எழுதி வாங்கிவிட்டுப் பேசலாம் என்று.

கொழுந்தன் மறுத்துப் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன வந்ததோ. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தண்டில் அவள் கை இருந்த இடம் தெரிகிற மாதிரி இருந்தது. சொல்லிவிட்டேன். எனக்கு நின்றது ஊசியால், அவளுக்கு ஓடியதும் ஊசியால், நின்றதும் ஊசியால், கரு தங்காததும் ஊசியால், கூட்டிப்போனது நான், டாக்டரிடம் பொய் சொன்னதும் நான். எல்லாம்.

மாமியார் முதலில் கேட்டது இதுதான்: "அப்போ உனக்குப் பிள்ளையார் குடுத்ததுன்னு நான் சொன்னது?"

அதுவும் ஊசிதான் என்றேன்.

"சந்துல எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் வீட்டுக்காரர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொழுந்தன் மாலை போட்டிருந்தார். மாலை போட்டவர் கோபப்படக்கூடாது, கடுஞ்சொல் பேசக்கூடாது. அவர் மாலை மணியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மைனி, அவ தகரத்துக்கு அடியில கெடந்தத நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்." மணியை உருட்டிக்கொண்டே, "அவளாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு "சாமி சரணம்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து கழக்கூட்டத்தில் வேலைக்காரர்களோடு ஒரு அறையில் இருக்கிறார். அவளைக் கூட்டி வரவும் போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அண்ணனிடம் சொன்னாராம். உண்மையைச் சொன்னால் அவளுக்கு வீடு திரும்பக் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். நான் அத்தனை மாதம் பொத்தி வைத்ததில் அந்த உண்மை அவளுக்கும் எதிராகத் திரும்பிவிட்டது.

தை பிறந்ததும் நான் அவள் ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன். போகும் முன் ஆசுபத்திரிக்குப் போய் சிஸ்டரைப் பார்த்தேன். இந்தத் தடவை ஊசிக்காக இல்லை.

"அன்னைக்கு அவகிட்டச் சொல்லச் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவ சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அன்னு ஞான் எல்லாம் பறஞ்ஞதல்லே? நிங்ஙளல்லே தலையாட்டியது?" என்றார். அன்றைக்கே எல்லாம் சொன்னார், தலையாட்டியது நான்தானே. ஆமாம் என்றேன். பிறகு கேட்டார், "ஆ குட்டி இப்போள் எவிடெ?"

அந்தப் பெண் இப்போது எங்கே என்று. தாய்வீட்டில் என்றேன். அவர் மறுபடியும் முழுவதையும் சொன்னார். ஒன்றையும் விட்டுவிடக்கூடாது என்று ஒரு நோட்டுத் தாளில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

அவள் ஊர் பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. அவள்தான் எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வீட்டுல சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும். போன்ல அவுக சொன்னாக. ஏசுனாக." தண்ணீரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். "எங்கம்மைக்கு அப்பத்தான் தெரியும்க்கா. நான் சொல்லல. விளக்கத் தொட்டுருக்கேம்லா."

அவள் அம்மா வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

"தீட்டு வந்துட்டு. கார்த்திகையில இருந்து. ஒழுங்கா மாசாமாசம் வருது." தலையை நிமிர்த்திச் சொன்னாள். "மொத நாளு கண்டதும் அம்மையக் கெட்டிப்பிடிச்சு அழுதேன். இங்க யாரும் ஒதுக்கி வைக்கல. நானே அடுப்பு மூட்டுனேன்."

"வந்துரு. நான் கூட்டிட்டுப் போறேன். கொழுந்தன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"வேண்டாம்க்கா." கோபமே இல்லாமல் சொன்னாள். "அங்க வந்தா எனக்கு ஒரு எடம் உண்டு. எந்த எடம்னு உங்களுக்கே தெரியும்."

பிறகு எழுந்து உள்ளே போய், துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். ஊசி அட்டை. சாக்கு அறையில் ஒளித்து வைத்து, ஊருக்கும் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டு தேதி போட்டிருந்தது, மூன்றாவது கட்டம் காலி. பின்பக்கம் மலையாளத்தில் அச்சடித்திருந்ததன் ஓரத்தில் பென்சிலால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றாக எழுதியிருந்தாள்.

"பேப்பரப் பாத்துப் பாத்து எழுத்துக் கூட்டுனேன். பாதிக்கு மேல தெரியல." அட்டையை என் மடியில் வைத்தாள். "அந்த சிஸ்டர் அன்னைக்கு அவ்வளவு நேரம் என்னப் பாத்துப் பேசுனாகளே. என்ன சொன்னாக? முழுசாச் சொல்லுங்க."

தாளை எடுத்தேன். அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். முதல் மூன்று நாலு மாதம் தீட்டு முன்னே பின்னே வரும், சிலருக்கு விடாமல் படும், பயப்பட வேண்டாம், ஆனால் அதிகமானாலோ தலைசுற்றினாலோ அன்றே இங்கே வந்துவிட வேண்டும். பிறகு தீட்டு நின்றே போகலாம், அது கர்ப்பமும் இல்லை, நோயும் இல்லை. உடம்பு கொஞ்சம் ஊதலாம். எலும்பு கொஞ்சம் இளைக்கும், நிறுத்தினால் திரும்பத் தேறும். நிறுத்தினபிறகு பிள்ளை தங்க ஏழெட்டு மாதமாகும், சிலருக்கு ஒரு வருஷமும் ஆகலாம், ஆனால் தங்கும். எந்த டாக்டரிடம் போனாலும் ஊசி போட்டதைச் சொல்ல வேண்டும். வேறு வழிகளும் உண்டு, யோசித்துச் சொன்னால் போதும், இன்றைக்கே போட வேண்டும் என்று இல்லை.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் மட்டும் கையை உயர்த்தினாள்.

"இன்னொரு மட்டம் சொல்லுங்க."

"இன்னைக்கே போடணும்னு இல்லை. யோசிச்சுச் சொன்னாப் போதும்."

"அதையா சொன்னாக?"

"ஆமா."

"அப்பத்தான் என்னப் பாத்து என்னமோ கேட்டாக. புரிஞ்சுதான்னு."

"ஆமா."

அவள் அட்டையை என் மடியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். நான் எழுதிக் கொண்டுபோன தாளையும் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்து மடித்தாள்.

"இப்பப் புரிஞ்சுதுக்கா" என்றாள். மிஷினில் போய் உட்கார்ந்தாள்.